ஜான் பாய்டு டன்லப்

குதிரையும் மாடும் வண்டியிழுத்த நாளில், சக்கரத்துக்கு வேண்டுவது உறுதி ஒன்றே என்று மக்கள் எண்ணியிருந்தனர். மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டினர். மிதிவண்டி தோன்றியபோது இரும்புக்கு மாறாகக் கெட்டி இரப்பரைச் சுற்றினர். சக்கரம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக உருளும் என்பதே அந்நாளைய நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையென்று உலகோர் கண்ணெதிரே காட்டியவர், பொறியியல் கற்றவர் அல்லர். குதிரைகளுக்கு மருந்து கொடுத்து வந்த ஒரு கால்நடை மருத்துவர் ஆவார்.

ஜான் பாய்டு டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டில் அயர்ஷயர் பகுதியைச் சேர்ந்த டிரெகார்ன் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று தேறி, 1867ஆம் ஆண்டில் அயர்லாந்துக்குச் சென்றார். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் மருத்துவமனை அமைத்தார். அது நாளடைவில் பெரிதாக வளர்ந்தது. 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் பிறந்தனர். டன்லப் நீண்ட தாடியும் அமைதியான பேச்சும் உடையவர். தமக்கு உடல்வலிமை குறைவென்று எண்ணி, எதிலும் அளவோடு நடந்துகொள்வார்.

அவருடைய மகன் ஜானி ஒன்பது வயதுச் சிறுவன். அவனிடம் முச்சக்கர மிதிவண்டி ஒன்று இருந்தது. பெல்பாஸ்ட் நகரத்துத் தெருக்களோ கருங்கற் பாளங்கள் பாவியவை. நடுவே டிராம் தண்டவாளங்களும் உண்டு. கெட்டி இரப்பர்ச் சக்கரம் அக்கற்களின் மேல் ஏறியிறங்குந்தோறும் சிறுவனின் உடல் குலுங்கியது. விரைந்து செல்லவும் இயலவில்லை. இக்குறையைத் தீர்க்க வழியுண்டா என்று தந்தை சிந்தித்தார். மருத்துவத் தொழிலுக்கு வேண்டிய சில கருவிகளை இரப்பரால் தாமே செய்து பழகியவராதலின், அப்பொருளின் இயல்பு அவருக்கு நன்கு தெரியும்.

1887ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு சோதனை செய்தார். வட்டமான மரப்பலகை ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய இரப்பர்க் குழாயொன்றை வைத்து, நார்த்துணியால் மூடி ஆணியடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் குழலைக் கொண்டு அதனுள் காற்றை நிரப்பினார். பிறகு மகனுடைய வண்டியிலிருந்து கழற்றிய கெட்டி இரப்பர்ச் சக்கரத்தை முற்றத்தில் உருட்டிவிட்டார். அது பாதி வழி சென்று சாய்ந்து விழுந்தது. அடுத்துக் காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடிக் கடந்து, எதிரே இருந்த வாயிற்கம்பத்தில் மோதித் துள்ளித் திரும்பிற்று. உருட்டிய கை ஒன்றே. சென்ற தொலைவு மட்டும் வேறு. குலுக்கத்தைக் குறைக்கத் தேடிய வழி, இழுக்கும் ஆற்றலையும் மிச்சப்படுத்தும் என்பதை டன்லப் அங்கேயே கண்டுகொண்டார்.

இதன் காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது வண்டியும் அதில் இருப்பவரும் சேர்ந்தே உயர்கின்றனர். அவ்வாறு உயர்த்தச் செலவான ஆற்றல், வண்டி கீழே இறங்கும்போது முழுவதும் திரும்பி வருவதில்லை. அதிர்ச்சியாகவும் ஓசையாகவும் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சக்கரத்தின் சிறு பகுதி அமுங்குகிறதேயன்றி வண்டி எழுவதில்லை. அமுங்கிய காற்று விரியும்போது, தான் பெற்ற ஆற்றலிற் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

1888ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜானியின் வண்டிக்குப் புதிய டயர்கள் பொருத்தப்பட்டன. பகலில் தெருக்களில் பார வண்டிகள் நெருங்கியிருக்குமாதலால், சிறுவன் இரவிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அன்று சந்திர கிரகணம். நிலவொளி மறையவே வீடு திரும்பியவன், கிரகணம் விலகியதும் மீண்டும் வெளியே ஓடினான்! மறுநாட் காலையில் டயர்களைத் துருவிப் பார்த்தபோது அவற்றில் ஒரு கீறலும் இல்லை. அவ்வாண்டின் இறுதியில் டன்லப் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

காற்று டயர் பருமனாக இருந்தமையால், பழைய மிதிவண்டிகளின் கவர்களில் அது நுழையவில்லை. அதற்கேற்ப அகன்ற கவர்கள் அமைந்த புதிய வண்டிகளைச் செய்ய நேர்ந்தது. 1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் கல்லூரித் திடலில் நடந்த பந்தயங்களில், வில்லியம் ஹியூம் என்னும் இளைஞர் அத்தகைய வண்டியொன்றைச் செலுத்தினார். தடித்த சக்கரங்களைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனர். ஆயினும் தாம் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் ஹியூமே வென்றார். அவரிடம் தோற்றவர்களுள் டப்ளின் நகர வணிகர் ஹார்வி டு குரோ என்பவரின் மைந்தர்களும் இருந்தனர். மைந்தர்களின் தோல்வியைக் கண்ட தந்தை வருந்தி நில்லாமல், அந்த டயரை விற்கும் நிறுவனமொன்றை அவ்வாண்டிலேயே தொடங்கினார். வணிகரின் கண் எப்போதும் தனிக்கண்தான்.

இந்நிலையில் டன்லப்புக்கு எதிர்பாராத இடி ஒன்று விழுந்தது. அவர் பெற்ற காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், டன்லப் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்த 1845ஆம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். தாம்சன் தம் சக்கரங்களைக் குதிரை வண்டியிற் பூட்டி லண்டன் மாநகரத்துப் பூங்காவொன்றில் ஓட்டிக் காட்டினார். வண்டியை இழுக்க வேண்டிய விசையை அளந்தும் பார்த்தார். உடைகல் பரப்பிய சாலையில், பழைய சக்கரத்துக்கு வேண்டிய விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. ஆனால் மெல்லிய இரப்பர் அந்நாளில் அரியதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தது. மிதிவண்டியும் மோட்டாரும் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே தாம்சனின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. அவர் 1873இல் மறைந்தார். டன்லப் அவரைப் பற்றி அறியாமலே அதே உண்மையை மீண்டும் கண்டார்.

காப்புரிமை போயினும் தொழில் அழியவில்லை. டன்லப்பின் முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் குத்திவிட்டால் அதைப் பிரித்துச் சீர்செய்வது பெரும்பாடு. வெல்ச், பார்ட்லெட் என்போர் எளிதிற் கழற்றி மாட்டத்தக்க டயர்களை 1890இல் வகுத்தனர். அவர்களுடைய உரிமைகளை வாங்கியே நிறுவனம் நிலைபெற்றது. டன்லப் 1895இல் அதிலிருந்து விலகித் தம் பங்குகளிற் பெரும்பாலானவற்றையும் விற்றுவிட்டார். மறு ஆண்டே அந்நிறுவனம் முப்பது இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. பெயர் கொடுத்தவர் அச்செல்வத்தில் பங்குபெறவில்லை.

டன்லப் கருதியது ஒரு சிறுவனின் கால்களையே. ஆனால் அவர் விலகிய 1895ஆம் ஆண்டிலேயே, பிரான்சு நாட்டு மிச்செலின் உடன்பிறப்பினர் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டியைப் பாரிசிலிருந்து போர்டோவுக்கும் மீண்டும் பாரிசுக்கும் நடந்த பந்தயத்தில் ஓட்டினர். டயர்கள் பலமுறை வெடித்தன. அவர்கள் பரிசு பெறவும் இல்லை. எனினும் மோட்டாருக்கும் காற்றுச் சக்கரம் ஏற்றது என்பது அன்று விளங்கிற்று. அதன்பின் சிறுவனின் கால்கள் செய்த வேலையை எண்ணெய் செய்யலாயிற்று. மிச்சமாவதும் எண்ணெயே ஆயிற்று.

காற்று டயரிலும் இழப்பு இல்லாமல் இல்லை. சக்கரம் உருளுந்தோறும் டயரின் அடிப்பகுதி தட்டையாகி மீண்டும் வளைகிறது. அப்போது இரப்பரும் உள்ளிருக்கும் நூலும் உராய்ந்து சூடேறுகின்றன. நெடுந்தொலைவு ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டால் அச்சூட்டை உணரலாம். எரிந்த எண்ணெயின் ஒரு பங்கே அவ்வாறு சூடாகிப் போயிற்று. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக வளையுமாதலின் மிகுதியாகச் சூடேறும். டயர்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு குறையுந்தோறும், எண்ணெய்ச் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறைகிறது. பத்துப் பவுண்டு குறைந்தால் இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அழகுக்காக அளவுக்கு மீறி அகன்ற டயர்களைப் பூட்டுவதும், கூரைமேல் சுமைதாங்கிகளை ஏற்றி எதிர்க்காற்றை வலிய அழைப்பதும் இன்று சிலர்க்கு வழக்கமாகியுள்ளன. முற்றத்தில் சக்கரம் உருட்டிய மருத்துவர் அவற்றைக் கண்டால் வியந்திருப்பார்.

இவ்வுராய்வைக் குறைக்கும் முயற்சி டன்லப்பின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணியில் நூலோடு நூல் உராய்வதைக் கண்ட பால்மர் என்பவர், நூல்களைப் பின்னாமல் தனித்தனியே அடுக்கி டயர் செய்தார். 1946இல் மிச்செலின் நிறுவனம் நூல்களை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக இட்டுச் செய்யும் ஆரை டயருக்குக் காப்புரிமை பெற்றது. அது எளிதில் உருண்டு எண்ணெயை மிச்சப்படுத்தியதோடு, நெடுநாள் உழைத்தது. 1990களில் கரிக்கு மாறாகச் சிலிக்கா என்னும் பொருளை மிகுதியாகக் கலந்து உராய்வை மேலும் தணித்தனர்.

டன்லப் தம் முதுமையை டப்ளின் நகரில் கழித்தார். 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அங்கே உயிர்நீத்தார். டீன்ஸ்கிரேஞ்சு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். காற்று டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலைகள் பல நாடுகளில் எழுந்தன. வங்காளத்தின் சாகாகஞ்சில் 1936இலும், சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1959இலும் அவை தொடங்கப்பெற்றன. வட அயர்லாந்தின் வங்கியொன்று தன் பத்துப் பவுன் தாளில் அவருடைய தாடி முகத்தை அச்சிட்டது. நார்த்துணி சுற்றி அவர் செய்த முதற் காற்று டயர், அவர் இளமையில் மருத்துவம் பயின்ற எடின்பரோ நகரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.