பெயரைத் தொலைத்த கேப்டன்!

குட்டீஸ்... 'கூட்டத்தை பாய்காட் செய்தனர்' என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். எல்லாரும் சேர்ந்து புறக்கணிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது. உண்மையில் இது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா?

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832ல் இங்கிலாந்தில் பிறந்தார். சில காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு, அயர்லாந்தில் குடியேறினார். கேப்டன் பதவிக்கு அவர் உயரவே இல்லை. ஆனாலும் ஊரார் அப்படித்தான் அழைத்தனர்.

அங்கே மேயோ என்ற பகுதியில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட் ஆனார். விவசாயிகளிடம் குத்தகைப் பணம் வசூலிப்பதும், தராதவர்களை வெளியேற்றுவதும் அவர் வேலை. ரொம்பக் கறாரான ஆள்!

1879ல் விளைச்சல் பொய்த்தது. மறு ஆண்டு, குத்தகையில் 25 சதவீதம் குறைக்கும்படி விவசாயிகள் கேட்டனர். பிரபு 10 சதவீதம்தான் குறைத்தார். கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. வீட்டையும் நிலத்தையும் இழந்தால் அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்?

மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. பாய்காட்டை அப்படியே ஒதுக்கினர். வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர் சாமான் தரவில்லை. கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. துணி வெளுக்கக்கூட ஆளில்லை. வயலில் பயிர் அறுவடைக்குக் காத்திருந்தது.

தன் கஷ்டத்தை லண்டன் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார் பாய்காட். அதுவே வினையானது, நாடு முழுக்க அவர் பெயர் பரவிவிட்டது. அவரைப் போன்ற ஏஜென்ட்கள் அயர்லாந்தில் ஏராளம். மாட்டிக்கொண்டது இவர் பெயர்தான்!

அறுவடைக்காக வெளியூரிலிருந்து 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்க, சுமார் 1,000 வீரர்கள்! ஏறத்தாழ 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற, 10,000 பவுண்டு செலவானதாம். டிசம்பர் 1880ல், பாய்காட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டு வெளியேறினார்.

ஒதுக்கிவைப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. அது கிராமத்தாருக்குக் கடினமாக இருக்கும் என்று நினைத்த ஓமாலி என்ற பாதிரியார், ஏஜென்ட்டின் பெயரையே சொல்லாக்கலாம் என்றார். சில வாரங்களில் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

1881ல் அமெரிக்கா போனபோது, கடைசிப் பெயரை விட்டுவிட்டு, 'சார்லஸ் கன்னிங்ஹாம்' என்றே பயணம் செய்தார் அவர். பயனில்லை, நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டனர். 1897ல் இங்கிலாந்தில் காலமானார்.