தானமும் தண்டமும்: பாவ்லாவின் வாழ்க்கை

சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு உபாயங்களில் தானமும் தண்டமுமே அரசர்களுக்கு அதிகமாகக் கைகொடுத்து வந்திருக்கின்றன. கொடுத்தால் வருவான், அடித்தால் அடங்குவான் என்பது ஆளுவோரின் பழைய நம்பிக்கை. இவ்விரண்டும் ஒரு பிராணியின் மூளையில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சொட்டுக் கணக்கில் அளந்து காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லாவ். பிற்காலத்தில் அதே இரண்டு உபாயங்களும் அவர் மீதே பிரயோகிக்கப்பட்டன. அவருடைய சரித்திரத்தை நாம் இன்று நினைவுகூர்வதற்கு அதுவே காரணம்.

பாவ்லாவ் 1849-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ரியஸான் நகரில் ஒரு பாதிரியாரின் புதல்வராகப் பிறந்தார். அவரும் பாதிரியாராக வேண்டுமென்றே வேதக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆனால் மூளையின் அனிச்சைச் செயல்களைக் குறித்து ஸெசெனோவ் என்ற அறிஞர் எழுதிய நூல் அவருடைய மனத்தைத் திருப்பிவிட்டது. 1870-ல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். வறுமையோடு போராடி, ஜெர்மனியிலும் சில காலம் பயிற்சி பெற்று, 1890-ல் ராணுவ வைத்தியக் கல்லூரியில் பேராசிரியரானார். ஜீரண உறுப்புகளைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. ருஷ்யர்களில் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே.

இவ்வளவு புகழும் வந்தது ஜீரண ஆராய்ச்சிக்கு. ஆயினும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஆராய்ச்சியின் நடுவே குறுக்கிட்ட ஒரு தொல்லைக்காக. உணவு வாயில் பட்ட பிறகு சுரக்க வேண்டிய உமிழ்நீர், உணவு கொண்டுவரும் ஆளின் காலடி ஓசையைக் கேட்டதுமே அவருடைய நாய்களுக்குச் சுரக்கலாயிற்று. கணக்கைக் கெடுக்கிறதே என்று வேறொருவர் இதை ஒதுக்கியிருப்பார். பாவ்லாவ் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதைப் பின்தொடர்ந்தார். 1903-ல் மாட்ரிட் நகரில் கூடிய வைத்திய மகாநாட்டில் தமது புதிய கொள்கையை வெளியிட்டார். சங்கீதம் பயில்வோர் தாளத்துக்காக வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் கருவியை ஒலிக்கச் செய்து, உடனே உணவு கொடுத்தால், சில தடவைகளுக்குப் பின் அந்த ஒலி ஒன்றே நாயின் வாயில் நீர் ஊறச் செய்யும். ஒலியை மட்டும் கேட்பித்து உணவை நிறுத்திவிட்டால், சொட்டுகள் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் பழைய பாடம் அழிந்துவிடுவதில்லை. நாய் சற்று ஓய்ந்திருந்த பிறகு ஒலி கேட்டால் மீண்டும் நீர் ஊறும். நம்பிக்கை தோன்றுவதையும் அது ஏமாற்றத்தால் அடங்குவதையும் இவ்வாறு அவர் அளந்தார்.

இதற்கு ஓர் எல்லை உண்டென்பதையும் அவருடைய ஆராய்ச்சிசாலையே காட்டிற்று. வட்டத்தைக் காட்டினால் உணவு; நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை. நாய் இரண்டையும் நன்கு பிரித்தறிந்தது. நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்துக்கு நெருக்கிக் கொண்டே போய், அதன் நீள அகலங்கள் 9-க்கு 8 என்ற அளவுக்கு வந்தபோது நாய் நிலைகுலைந்தது. ஊளையிட்டது; கருவிகளைக் கடித்தது; முன்பு எளிதாகக் கற்றதையும் மறந்தது. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் வெள்ளம் புகுந்தபோது கூண்டுகளில் மூழ்கவிருந்த நாய்களை ஆட்கள் பெரும்பாடுபட்டு மீட்டனர். உயிர் தப்பிய சில நாய்கள் பல மாத காலம் கற்றதையெல்லாம் இழந்திருந்தன. தேறிவந்த ஒன்று, கதவின் கீழே சிறிது நீர் கசிந்து வரக் கண்டதும் மறுபடியும் பழைய நிலைக்குப் போயிற்று. பயம் ஒரு பாடத்தைப் புகட்டும்போது பல பாடங்களை அழித்துவிடுகிறது.

அவர் காலத்துக்குப் பின் இந்த அறிவு மிகவும் வளர்ந்திருக்கிறது. பரிசு வருவதால் மட்டும் மூளை கற்றுக்கொள்வதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தினாலேயே கற்கிறது என்று ரெஸ்கார்லா, வாக்னர் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1972-ல் கணித முறையில் விளக்கினார்கள். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் குரங்குகளில் சோதித்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய சகாக்களும் 1997-ல் இதற்கு ஆதாரம் காட்டினார்கள். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் அந்த அணுக்கள் துடிக்கின்றன. பழகிய பின் பழரசத்துக்கு அவை துடிப்பதில்லை. அதை அறிவிக்கும் அடையாளத்துக்கே துடிக்கின்றன. அடையாளம் தோன்றியும் பழரசம் வராவிட்டால், வர வேண்டிய அதே கணத்தில் அவற்றின் துடிப்பு தாழ்ந்துவிடுகிறது. லாபமும் நஷ்டமும் மூளைக்கு எழுதும் கணக்கு இதுவே. அடுத்த முறை எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று தீர்மானிக்கும்போது நாம் பெரிதும் இந்தக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். வழக்கமாகிவிட்ட பரிசு புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. அது நின்றுபோனால்தான் உறைக்கிறது. சலுகைகளைக் கொடுத்துப் பழக்கியவனுக்கு அடிமைப்படுவது இவ்வளவு எளிதாயிருப்பதன் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது.

பாவ்லாவுக்கு அந்தச் சோதனை வந்தது. 1917-ம் வருஷப் புரட்சிக்குப் பின் ருஷ்யாவில் பஞ்சம் தலைவிரித்தாடியது. விஞ்ஞானிகளும் பட்டினி கிடந்தனர். அவரை நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பிய லெனினுடைய அரசாங்கம் அவருக்கு விசேஷ உணவுப் பங்கீடு அளிக்க முன்வந்தது. தம்முடன் உழைப்பவர்களுக்கெல்லாம் கிடைக்காத சலுகை தமக்கு வேண்டாமென்று அவர் மறுத்தார். 1924-ல் ராணுவ வைத்தியக் கல்லூரியிலிருந்து பாதிரிமாரின் பிள்ளைகளை வெளியேற்றியபோது, தாமும் ஒரு பாதிரியாரின் மகனே என்று கூறிப் பேராசிரியர் பதவியை உதறினார். 1934 டிசம்பரில் கீரோவ் கொலையுண்டதும் நாடெங்கும் கைதுகள் பெருகின. அப்பொழுது 85 வயதான அந்தக் கிழவர் சர்க்காருக்குக் கடிதம் எழுதினார். அடித்து அடக்கப்பட்ட பிராணிகளாக மாற்றப்பட்டவர்கள் மானமுள்ள மனிதர்களாவது அரிது என்று அதில் எச்சரித்து, தாயகத்தின் மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினார். பிராணிகளைப் பழக்குவதில் அவரைவிட அனுபவம் மிக்கவர் அன்று உலகில் யார் இருந்தார்?

அவர் வளையவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. கோல்துஷி கிராமத்தில் அவருக்காக அரசாங்கம் பெரிய ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. விஞ்ஞானத்துக்குத் தாராளமாகப் பொருள் வழங்கியது. கடைசி ஆண்டுகளில் அவருடைய பேச்சின் கடுமை தணிந்தது. 1935-ல் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் கூடிய சர்வதேச உடலியல் மகாநாட்டில் அரசாங்கத்தைப் புகழ்ந்தும் பேசினார். தானத்தின் வலிமையை அளந்தவரும் அதற்கு முற்றும் புறம்பானவராக இருக்கவில்லை. ஆனால் அநியாயமாகக் கைதானவர்களுக்காக வாதாடுவதை அவர் விட்டுவிடவில்லை. 1936 பிப்ரவரி 27-ந் தேதி, தமது 86-வது வயதில், நிமோனியா ஜுரத்தால் காலமானார்.

வெகுமதிக்கும் இழப்புக்கும் நம் மூளை இணங்குவது இயற்கை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தக் கை கொடுக்கிறது, எதற்காகக் கொடுக்கிறது, நாம் எதைக் கைவிட வேண்டுமென்று அது எதிர்பார்க்கிறது என்று கேட்கும் சக்தியும் அதே மூளைக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகாத ஜனங்களுக்குச் சுதந்திரம் கிடைத்தாலும் நிலைக்காது. தமக்கு மட்டும் நீட்டப்பட்ட ரொட்டியைப் பஞ்ச காலத்தில் மறுத்த பாவ்லாவின் செயல், அவர் எழுதிய எந்த நூலுக்கும் குறைந்த பாடமன்று.