மெட்ராசுக்கு விமானத்தில் தபால் கொண்டு வந்த வின்சென்ட்!
டாட்டாவுக்கு யோசனை சொன்னவர், கடலில் மறைந்தார்

தென்னாட்டின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. இதை கல்மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மெட்ராசுக்கு விமானத் தபால் சர்வீசின் முதல் பையைக் கொண்டு வந்தவர் யார் என்று கேட்டால், டாட்டா என்று பதில் வரும்.

அது பாதிதான் சரி!

ஜே.ஆர்.டி. டாட்டா அன்று ஓட்டியது கராச்சியில் இருந்து பம்பாய் வரை. பம்பாயில் அதை வாங்கி மெட்ராஸ் வரை கொண்டு வந்து சேர்த்தவர் வேறு ஆள். அவர் பெயர் நெவில் வின்சென்ட். அந்த சர்வீசுக்கே யோசனை சொன்னவரும் அவர்தான்.

ஊர் ஊராகப் பறந்தார்

வின்சென்ட் தென் ஆப்பிரிக்காக்காரர். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஈராக்கில் வேலை பார்த்தார். அங்கே காட்டிய துணிச்சலுக்கு வீரப் பதக்கமும் வாங்கினார்.

பட்டாளத்து உத்தியோகம் போதும் என்று வெளியே வந்தவர் சும்மா உட்காரவில்லை. நியூவால் என்ற கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார். பழைய போர் விமானங்களுடன் இந்தியாவுக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

இங்கே வந்து என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய் மைதானத்தில் இறங்குவார். காசு கொடுத்தவர்களை ஏற்றி வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டி இறக்கி விடுவார். கிட்டத்தட்ட சர்க்கஸ் பிழைப்புத்தான்.

ஆனால் மனுஷனின் கண் வேறு எங்கோ இருந்தது. நாடு முழுக்கப் பறந்து பார்த்ததில், எங்கே இறங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கராச்சியோடு நின்ற தபால்

1929-ல் லண்டனில் இருந்து கராச்சிக்கு விமானத் தபால் வர ஆரம்பித்தது. வாரம் ஒரு தடவை வரும். கராச்சி வரை பறந்து வந்த கடிதம், அதற்கு மேல் ரயில் ஏறி ஆடி அசைந்து மெட்ராஸ் வந்து சேரும். கப்பல் கம்பெனிக்காரரும் ஏற்றுமதி வியாபாரியும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கராச்சியில் இருந்து ஆமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாக மெட்ராசுக்கு விமானம் விட்டால் என்ன? இதுதான் வின்சென்டின் திட்டம். திட்டம் இருந்தது; முதல் போடப் பணம் இல்லை.

டாட்டா கம்பெனியின் கதவைத் தட்டினார். அங்கே ஜே.ஆர்.டி.க்கு அப்போது வயது 25. 1929 பிப்ரவரியில்தான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் நம்பர் விமானி லைசென்சை வாங்கியிருந்தார். பறக்கும் பைத்தியம் பிடித்த இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பெரியவர் சர் தோராப்ஜி டாட்டா முதலில் தயங்கினார். பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரி எடுத்துச் சொன்ன பிறகு 2 லட்சம் ரூபாய் முதலுக்குச் சம்மதித்தார்.

அரசாங்கம் அசையவில்லை

அடுத்த முட்டுக்கட்டை வெள்ளைக்கார சர்க்கார்! மானியம் கொடுக்கக் கையில் பணம் இல்லை என்று இழுத்தடித்தது. மூன்று வருஷம் ஓடியது.

கடைசியில், மானியமே வேண்டாம், தபால் எடைக்கு உள்ள கூலியைக் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். 1932-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணத்துக்குச் சம்மதித்த தோராப்ஜி, முதல் விமானம் கிளம்புவதைப் பார்க்காமலே அந்த வருஷம் ஜூன் மாதம் காலமானார்.

பெல்லாரியில் இரவு

1932 அக்டோபர் 15. காலை 6-35 மணிக்கு ஜே.ஆர்.டி. கராச்சியில் கிளம்பினார். ஒற்றை என்ஜின் உள்ள பஸ் மாத் என்ற சின்ன விமானம். ரேடியோ கிடையாது. உள்ளே 25 கிலோ தபால். ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! பகல் 1-50-க்கு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார்.

அங்கே தயாராக நின்றார் வின்சென்ட். மெட்ராஸ் தபாலோடு கிளம்பினார். பெல்லாரியில் இரவு தங்கல். மறுநாள் 16-ந் தேதி மெட்ராஸ் வந்து இறங்கினார்.

அதன் பிறகு வாரா வாரம் சர்வீஸ் நடந்தது. டாட்டா, வின்சென்ட், ஹோமி பரூச்சா ஆகிய மூன்று பேர்தான் விமானிகள். ஜூஹு மைதானமோ களிமண் தரை. மழைக் காலத்தில் கடல் பொங்கினால் முழுகிப்போகும். அப்போது பூனாவுக்கு மூட்டை கட்ட வேண்டும். அப்படியும் முழுசாக ஒரு வருஷம் ஓட்டியதில் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளை ஏற்றி, 60,000 ரூபாய் லாபம் காட்டினார்கள். 1938-ல் இந்த மெட்ராஸ் லைன் கொழும்பு வரை நீண்டது.

திரும்பாத விமானம்

வின்சென்டுக்கு அதுவும் போதவில்லை. இந்தியாவிலேயே விமானம் கட்ட வேண்டும் என்று கிளம்பினார். பூனாவில் தொழிற்சாலை என்று திட்டம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பேச்சு வார்த்தைக்காக இங்கிலாந்து போனார்.

1942 ஜனவரியில் இந்தியா திரும்ப, ஹட்சன் ரகக் குண்டு வீச்சு விமானம் ஒன்றில் இடம் பிடித்தார். பிரான்ஸ் கடற்கரையை ஒட்டி அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வின்சென்டுக்கு அப்போது வயது சுமார் 40. அவர் அலைந்து திரிந்த பூனா திட்டமும் பிறகு கைவிடப்பட்டது.

அவர் விதை போட்ட கம்பெனி 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2022-ல் டாட்டாவிடமே திரும்பி வந்தது. ஜே.ஆர்.டி. 1982-ல், 78-ம் வயதில், கராச்சியில் இருந்து பம்பாய்க்கு மறுபடி தானே ஓட்டி வந்து ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினார். 1993-ல் காலமானார்.

முதல் யோசனை வின்சென்டுடையது என்று சொல்ல ஜே.ஆர்.டி. என்றைக்கும் தயங்கியதில்லை. ஆனாலும் ஊர் வாயில் நின்றது ஒரு பெயர்தான். பெல்லாரியில் இரவைக் கழித்துவிட்டு மெட்ராசுக்குத் தபால் பை கொண்டு வந்தவருக்கு, கடலுக்கு அடியில்தான் இடம் கிடைத்தது.