நிமிரச் செய்த முரசு

வறுமையும் துன்பமும் சூழ்ந்த காலத்தில் ஆடலும் பாடலும் எதற்கு என்று வினவுவோர் உளர். மக்கள் ஒன்றுகூடி ஆடும் ஆடல் வெறும் பொழுதுபோக்கன்று. தளர்ந்த உள்ளத்திற்கு அது ஊன்றுகோலும் ஆகும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் சிக் வெப் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்.

இவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்டிமோர் நகரில் பிறந்தார். வில்லியம் ஹென்றி வெப் என்பது இவரது இயற்பெயர். இளமையிலேயே காசநோய் இவருடைய முதுகெலும்பைத் தாக்கியது. முதுகு கூனிற்று, உடல் வளர்ச்சி குன்றிற்று. இறுகிய உறுப்புகள் இளகும்பொருட்டு முரசு கொட்டிப் பழகுமாறு மருத்துவர் ஒருவர் கூறினார் என்பர். சிறுவராகிய வெப் செய்தித்தாள் விற்றுப் பொருள் சேர்த்துத் தம் முரசுகளை வாங்கினார். மருந்தாக வந்த கலை அவருக்கு வாழ்வாகவே மாறியது.

இளைஞரானதும் வெப் நியூயார்க் நகரை அடைந்தார். அந்நகரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி ஹார்லெம் ஆகும். அங்கே 1926-ஆம் ஆண்டில் சவாய் என்னும் பெரிய நடன அரங்கம் திறக்கப்பட்டது. அதில் இசைக்குழுக்களுக்கென இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓய்ந்தால் மறு குழு தொடங்கும். ஆடலுக்கு இடையீடே இல்லை. வெப்பும் அவர்தம் குழுவினரும் அவ்வரங்கின் உயிர்நாடியாக விளங்கினர்.

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. 1933-இல் உழைக்கும் மக்களுள் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். ஹார்லெமின் நிலையோ இதனினும் கொடிது. வேலை தருங்கால் கறுப்பினத்தார்க்கு இறுதியில் தந்தனர். நீக்குங்கால் அவர்களையே முதலில் நீக்கினர். வீட்டு வாடகை செலுத்த வழியற்றோர் தம் இல்லத்திலேயே ஆடல் விருந்து நடத்துவர். அண்டை அயலார் சிறுதொகை கொடுத்து வந்து ஆடிச் செல்வர். அத்தொகையால் வாடகைக் கடன் தீரும். ஆடல், அம்மக்கள் ஒருவர்க்கொருவர் கைகொடுக்கும் வழியாகவும் இருந்தது.

சவாய் அரங்கில் நுழைவுக் கட்டணம் ஒரு டாலருக்கும் குறைவு. புகழ்பெற்ற காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் கறுப்பினக் கலைஞர் மேடையில் ஆடலாம். பார்வையாளராக அமர்தல் அரிது. சவாயிலோ கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். பகலெல்லாம் பிறர்க்கு ஏவல் செய்து தலைகுனிந்தவர், இரவில் அங்கே தலைநிமிர்ந்து நின்றார். லிண்டி ஹாப் என்னும் துள்ளல் நடனம் அங்கே செழித்து உலகெங்கும் பரவியது. அவ்வாடலைத் தாங்கி நின்றது வெப்பின் முரசொலியே. சிறிய உடலுக்கேற்பத் தனியே அமைத்த கருவிகளைக் கொண்டு அவர் அரங்கையே அதிரச் செய்தார். 1937-ஆம் ஆண்டு மே மாதம் பென்னி குட்மன் என்னும் புகழ்மிக்க இசைஞரின் குழு அங்கே போட்டியிட வந்தது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே இடமின்றித் தெருவில் நின்றனர். அன்றைய வெற்றி வெப்புக்கே என்று மக்கள் ஆரவாரித்தனர்.

தாயை இழந்து, தங்க இடமின்றி வருந்திய எல்லா பிட்ஜெரால்டு என்னும் இளம்பெண்ணுக்கு 1935-இல் தம் குழுவில் இடமளித்தவரும் இவரே. அப்பெண்ணின் எளிய தோற்றங்கண்டு முதலில் தயங்கினார். குரலின் இனிமை அறிந்ததும் ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவ்வம்மையார் உலகப்புகழ் பெற்ற பாடகியானார்.

புகழ் வளர வளர நோயும் வளர்ந்தது. வெப் ஓய்வெடுத்தால் அவரை நம்பிய கலைஞர்கள் ஊதியமின்றி வாடுவர். ஆகவே கடும் வலியிலும் அவர் முரசைக் கைவிடவில்லை. 1939-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், பிறந்த பால்டிமோர் நகரிலேயே உயிர் நீத்தார். சவாய் அரங்கமும் 1958-இல் மூடப்பட்டது.

வெப்பின் முரசு வறுமையை ஒழிக்கவில்லை; வேலையற்றவர்க்கு வேலை தரவுமில்லை. ஆயினும் வறுமை பறிக்க முயன்ற மானத்தையும் தோழமையையும் அது காத்தது. தாம் கூனியிருந்தும் பிறரை நிமிரச் செய்த அப்பெருமகனாரின் வாழ்வு நாம் நினைந்து போற்றத் தக்கதாகும்.