நா உன்கியூ

நா உன்கியூ (அக்டோபர் 27, 1902 - ஆகஸ்ட் 9, 1937) கொரியத் திரைப்பட இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், நடிகர் ஆவார். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் இவர் உருவாக்கிய "அரிராங்" (1926) என்ற மௌனப்படம் கொரியத் திரைப்பட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. இவரது புனைபெயர் சுன்சா.

இளமை

இன்றைய வட கொரியாவில், தூமன் ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஹோர்யோங் நகரில் நா பிறந்தார். 1919 இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மார்ச் முதல் நாள் இயக்கத்தில் பங்கேற்றார். பின்னர் மஞ்சூரியா, சைபீரியா பகுதிகளுக்குத் தப்பிச் சென்றார். விடுதலை இயக்கத் தொடர்புக்காகக் கைதாகிச் சுமார் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

திரையுலக நுழைவு

விடுதலைக்குப் பின் 1924 இல் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்து புசான் நகரத் திரைப்பட நிறுவனம் ஒன்றுக்குச் சென்று, 1925 இல் வெளியான ஒரு படத்தில் பல்லக்குத் தூக்கியாகச் சிறு வேடம் ஏற்றார். அதே ஆண்டில் "சிம்சொங்" கதையைத் தழுவிய படத்தில் நாயகியின் பார்வையற்ற தந்தையாக நடித்துக் கவனம் பெற்றார்.

அரிராங்

இப்படம் அக்டோபர் 1, 1926 அன்று சியோலின் தான்சொங்சா திரையரங்கில் வெளியானது. மனநிலை பிறழ்ந்து கிராமத்துக்குத் திரும்பிய மாணவன் யொங்ஜின் இதன் நாயகன். தன் தங்கையிடம் முறைகேடாக நடக்க முயலும் நிலக்கிழாரின் கையாளை அவன் அரிவாளால் வெட்டிக் கொல்கிறான். அக்கணத்தில் தெளிவு பெறும் அவனைக் காவலர் மலைப்பாதை வழியே அழைத்துச் செல்ல, ஊரார் அரிராங் பாடலைப் பாடுகின்றனர்.

கதை எழுதி, நாயகனாக நடித்தபோது நாவின் வயது 23. படத்தைத் தயாரித்த நிறுவனம் ஜப்பானியர் ஒருவருக்குச் சொந்தமானது. அன்றைய விளம்பரங்களில் இயக்குநராக ஜப்பானியர் ஒருவரின் பெயரே இடம்பெற்றது. எனவே இயக்கியவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தணிக்கையைத் தவிர்க்கவே அப்பெயர் பயன்பட்டது என்பது ஒரு சாராரின் கருத்து.

மௌனப்படங்களுக்குத் திரையருகே நின்று கதை சொல்பவர் "பியொன்சா" எனப்பட்டார். தணிக்கைக்குத் தப்பிய காட்சிகளுக்கு இவர்களது குரலே உட்பொருள் சேர்த்தது. சிறுவயதில் ரயில் பாதை அமைக்க வந்த தொழிலாளர் பாடக் கேட்ட மெட்டே படப்பாடலுக்கு அடிப்படை என நா பின்னாளில் தெரிவித்தார். படத்தின் வழியே அப்பாடல் நாடெங்கும் பரவியது.

பிற்காலம்

1927 இல் நா தமது பெயரிலேயே தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 1928 இல் எடுத்த படத்துக்கு "தூமன் ஆற்றைக் கடந்து" எனப் பெயரிட்டார். தணிக்கையின் காரணமாக அது "காதலைத் தேடி" என மாற்றப்பட்டது. நா தோஹ்யாங்கின் சிறுகதையைத் தழுவி "ஊமை சாம்ர்யோங்" (1929) படத்தை எடுத்தார். பின்னர் ஜப்பானிய இயக்குநர் ஒருவரின் படத்தில் நடித்தமைக்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். லீ கியூஹ்வான் இயக்கிய "உரிமையாளரற்ற ஓடம்" (1932) படத்தில் தலையை மழித்துக்கொண்டு ஓடக்காரராக நடித்து மீண்டும் பாராட்டைப் பெற்றார். "அரிராங் 3" (1936) பேசும்படமாக வெளிவந்தது. எழுத்தாளர் லீ தேஜூனின் கதையைத் தழுவிய "ஓமோங்நியோ" (1937) இவரது கடைசிப் படம். அதே ஆண்டில் காசநோயால் தமது 34 ஆவது வயதில் காலமானார்.

மரபு

இன்று கிடைக்கும் மிகப் பழைய கொரிய முழுநீளப் படம் 1934 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் நா எடுத்த படங்கள் எவையும் எஞ்சவில்லை. ஜப்பானியச் சேகரிப்பாளர் ஒருவர் "அரிராங்" படத்தின் பிரதி தம்மிடம் உள்ளதாகக் கூறிவந்தார். அவர் 2005 இல் இறந்த பின் அவரது சேகரிப்பில் அது கிடைக்கவில்லை. எனவே அப்படம் பற்றிய செய்திகள் பத்திரிகைக் குறிப்புகள், புகைப்படங்கள், பார்த்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்தே பெறப்படுகின்றன. பாடல் மட்டும் இரு கொரியாக்களிலும் இன்றும் பாடப்படுகிறது. இவரது நினைவாக 1990 முதல் தென் கொரியாவில் சுன்சா திரைப்பட விருது வழங்கப்படுகிறது. விடுதலை இயக்கப் பங்களிப்புக்காக 1993 இல் தென் கொரிய அரசு இவருக்கு மறைவுக்குப் பின்னான பதக்கம் அளித்தது.