கண்ணாடித் தகட்டில் கண்ட உண்மை: நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஆசிரியை

நான் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. கலம், கலப்பிரிவு, பரம்பரை ஆகிய பாடங்களைக் கரும்பலகையில் வரைந்து விளக்க ஒரு பாடவேளை போதாது. ஆகவே சில ஆண்டுகளாக அவற்றைக் கணினியில் படங்களாக அடுக்கித் திரையில் காட்டிக் கற்பித்து வருகிறேன். நூல் போன்ற நிறமூர்த்தங்கள் குறுகித் தடிப்பதும், கலத்தின் நடுவே வரிசையாக நிற்பதும், பின்பு இரு பக்கமும் பிரிந்து செல்வதும் திரையில் ஓடும்போது மாணவிகள் ஆர்வத்தோடு பார்க்கிறார்கள்.

அந்த வரிசையில் கடைசிக்கு முந்திய ஸ்லைட் மிகவும் எளியது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை. தாயின் முட்டைக்கலம் எதுவானாலும் அதில் இருப்பது எக்ஸ்தான். தந்தையின் விந்துக்கலங்களில் பாதி எக்ஸையும் மறுபாதி வையையும் கொண்டிருக்கும். ஒரு சதுரத்தில் நான்கு கட்டங்கள். இரண்டில் பெண், இரண்டில் ஆண். மாணவிகள் அரை நிமிடத்தில் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைட்டுக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

அந்த அரை நிமிடப் பாடத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவரும் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர். பெயர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ். பெண்பிள்ளை பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. அந்தக் குறைச்சொல்லுக்கு விஞ்ஞானம் தந்த தெளிவான பதில் இவரது கையால் வந்தது. ஆதலால்தான் மாணவிகளும் அவர்களின் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கும் இந்த மலரில் அவருடைய வாழ்க்கையை எழுத விரும்பினேன்.

நெட்டி 1861ஆம் ஆண்டு யூலை 7ஆம் திகதி அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் கவென்டிஷ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். நெட்டி சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். தந்தை மறுமணம் செய்துகொண்டு குடும்பத்தோடு மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் குடியேறினார். நெட்டியும் தங்கை எம்மாவும் அங்கேயே படித்தார்கள். அந்நாளில் பெண்கள் உயர்கல்வி வரை செல்வது அரிது. படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த தொழில்களில் முக்கியமானது ஆசிரியத் தொழில். நெட்டியும் 1880இல் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியையானார். நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் லெபனன் என்ற ஊரில் விலங்கியல், உடற்றொழிலியல், கணிதம், இலத்தீன், ஆங்கிலம் என ஒருவரே பல பாடங்களைக் கற்பித்தார்.

கற்பிக்கத் தொடங்கிய பின்னர்தான் தாம் இன்னும் படிக்கவேண்டும் என்ற விருப்பம் அவருக்கு வலுத்திருக்க வேண்டும். வெஸ்ட்பீல்ட் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்து, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். வகுப்பில் அவருக்கே அதிக புள்ளிகள். ஆனால் அடுத்த படி ஏறப் பணம் இல்லை. ஆசிரியையாகவும் நூலகராகவும் வேலைசெய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

1896இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 35. உயர்தரப் பரீட்சையில் ஓர் ஆண்டு பிந்தினாலே வாழ்க்கை போய்விட்டது என்று அழும் பிள்ளைகளையும், அவர்களைவிட அதிகமாக அழும் பெற்றோரையும் நான் பார்க்கிறேன். அவர்களுக்கெல்லாம் இந்த 35 என்ற எண்ணை நான் சொல்வதுண்டு. 1899இல் இளமாணி, 1900இல் முதுமாணி. பின்பு பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரின் மோர் என்ற பெண்கள் கல்லூரிக்கு ஆராய்ச்சி மாணவியாகச் சென்றார். கல்லூரி அவரை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடல் உயிரியல் நிலையத்துக்கும், ஜேர்மனியில் நிறமூர்த்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்த தியோடர் போவேரியிடமும் அனுப்பி வைத்தது. 1903இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது 41.

அப்போது விஞ்ஞான உலகம் ஒரு சந்தியில் நின்றது. மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட பரம்பரை விதிகள் பல காலம் கவனிக்கப்படாமல் கிடந்து 1900இல் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. மறுபுறம், நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர்கள் கலத்தின் கருவினுள் நிறமூர்த்தங்களைக் கண்டிருந்தார்கள். பரம்பரை இயல்புகள் இந்த நிறமூர்த்தங்களோடுதான் செல்கின்றன என்று போவேரியும், அமெரிக்க இளைஞரான வோல்டர் சட்டனும் கருத்துச் சொன்னார்கள். அதைப் பலர் நம்பவில்லை. ஓர் இயல்பை, ஒரு குறிப்பிட்ட நிறமூர்த்தத்தோடு இணைத்துக் காட்டுங்கள் என்பதே கேள்வி.

ஆணா பெண்ணா என்பதுகூட அன்று தீர்வு காணாத கேள்வியாகவே இருந்தது. கருவுற்ற தாய் உண்ணும் உணவு, அவளது உடல்நிலை, சூழலின் வெப்பம் ஆகியவையே பிள்ளையின் பாலைத் தீர்மானிக்கின்றன என்று படித்தவர்களும் எழுதினார்கள். 1891இல் ஹெர்மன் ஹென்கிங் என்ற ஜேர்மனியர், ஒரு பூச்சியின் விந்துக்கலங்களில் பாதிக்கு மட்டும் செல்லும் ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று தெரியாமல் எக்ஸ் என்று குறித்து வைத்தார். 1902இல் கிளாரன்ஸ் மக்லங் என்ற அமெரிக்கர், அதுவே பாலைத் தீர்மானிக்கலாம் என்றார். ஆனால் அதைப் பெறும் விந்துக்கலம் ஆணை உண்டாக்கும் என்று தலைகீழாக எண்ணினார்.

நெட்டி கார்னெகி நிறுவகத்தின் உதவித்தொகை பெற்று, கறையான், கரப்பான் முதலிய பூச்சிகளை ஆராயத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று மாவிலும் தானியத்திலும் வாழும் ஒரு கரிய வண்டு. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டின் சிற்றுறுப்பை எடுத்து, கெடாதபடி இரசாயனத்தில் இட்டு, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமூட்ட வேண்டும். பின்பு நுணுக்குக்காட்டியில் பார்த்து, காண்பதைக் கையால் வரைந்து, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தக் கண்ணாடித் தகட்டுக்கும் ஸ்லைட் என்றுதான் பெயர். நான் ஒரு விசையைத் தட்டி மாற்றும் ஸ்லைட்டுக்கும் அந்த ஸ்லைட்டுக்கும் எவ்வளவு தூரம்!

எண்ணியபோது அவர் கண்டது இதுதான். பெண் வண்டின் உடற்கலத்தில் 20 பெரிய நிறமூர்த்தங்கள். ஆண் வண்டின் உடற்கலத்தில் 19 பெரியவையும் ஒரு மிகச் சிறியதும். முட்டைக்கலங்கள் எல்லாவற்றிலும் 10 பெரியவை. விந்துக்கலங்களோ இரண்டு வகை: பாதியில் 10 பெரியவை, மறுபாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறியதும். அப்படியானால் முதல் வகை விந்துக்கலம் முட்டையோடு சேர்ந்தால் 20 பெரியவை, அதாவது பெண். இரண்டாம் வகை சேர்ந்தால் 19 பெரியவையும் ஒரு சிறியதும், அதாவது ஆண். கணக்கு எங்கும் இடறவில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் ஆண் பூச்சியின் விந்துக்கலங்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நெட்டி பெண்ணின் கலங்களையும் எண்ணி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். விடை அந்த ஒப்பீட்டில் கிடைத்தது.

இந்த ஆய்வு 1905இல் வெளியானது. ஒரு வண்டை வைத்து எல்லா உயிர்களுக்கும் விதி எழுத அவர் அவசரப்படவில்லை. அடுத்த ஆண்டுகளில் இன்னும் பல வண்டினங்களையும் ஈயினங்களையும் எடுத்துப் பார்த்தார். அதே 1905இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் வில்சன் வேறு பூச்சிகளை ஆராய்ந்து தனியாக இதே முடிவை நெருங்கினார். அவர் அப்போதே பெயர்பெற்ற பேராசிரியர். ஆகவே பல காலம் பாடப்புத்தகங்கள் அவரது பெயரை முன்னே வைத்தன. நெட்டியின் பெயர் சிறிதாகிப்போனது. பிரின் மோரில் நெட்டிக்கு ஆசிரியராக இருந்த தோமஸ் ஹன்ட் மோர்கன், நிறமூர்த்தங்களுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர். 1910இல் பழ ஈக்களின் கண் நிறத்தை ஆராய்ந்தபோது அவரும் அந்த வழிக்கே வந்தார். 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைக் காண நெட்டி உயிரோடு இல்லை.

மார்பகப் புற்றுநோய் அவரைப் பிடித்திருந்தது. பிரின் மோர் கல்லூரி அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அதை ஏற்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை. 1912 மே 4ஆம் திகதி பால்ட்டிமோர் நகர வைத்தியசாலையில் காலமானார். வயது 50. ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் நாற்பது அளவிலான கட்டுரைகளை எழுதியிருந்தார். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உண்டு என்பது சரியாக எண்ணப்பட்டதே 1956இல்தான். ஆனாலும் ஆண் பெண் வேறுபாட்டை நிறமூர்த்தங்களில் தேடவேண்டும் என்ற வழியை அவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். அவர் படித்த வெஸ்ட்பீல்டில் இன்று ஒரு விஞ்ஞானக் கட்டடம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த வாழ்க்கையைப் படித்த பிறகு நான் பாடம் நடத்தும் முறையில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். நான்கு கட்டச் சதுரத்துக்கு முன்னால், வண்டின் நிறமூர்த்தங்களைச் சிறு கோடுகளாக வரைந்த ஒரு ஸ்லைட்டை வைக்கிறேன். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. மாணவிகள் எண்ண வேண்டும். ஒருத்தி 19 என்பாள், இன்னொருத்தி 21 என்பாள், மீண்டும் எண்ணுவார்கள். கடைசியில் அந்தச் சிறிய கோட்டை ஒருத்தி கண்டுபிடிப்பாள். அதற்குப் பிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டு ஆளுக்கொரு நாணயம் எடுக்கச் சொல்கிறேன். பூ விழுந்தால் பெண், தலை விழுந்தால் ஆண். நான்கு முறை சுண்டினால் ஒரு குடும்பம்.

நாற்பது பேர் சுண்டும் வகுப்பில் நான்கும் பெண்ணாக விழும் குடும்பம் பெரும்பாலும் வந்தே தீரும். கணக்கின்படி பதினாறு குடும்பங்களுக்கு ஒன்று அப்படி அமையலாம். நாணயத்தை யாரும் ஏசுவதில்லை. முதல் மூன்றும் பூ விழுந்ததால் நான்காவது தலையாகத்தான் விழும் என்ற உறுதியும் இல்லை. நாணயத்துக்கு முந்திய கணக்கு ஞாபகம் இருப்பதில்லை.

ஒருமுறை இந்தப் பாடம் முடிந்தபின் ஒரு மாணவி வகுப்பிலேயே தங்கி நின்றாள். அந்த ஸ்லைட்டைக் கடதாசியில் அச்செடுத்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய சாச்சிக்கு நான்காவதும் பெண்குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுச் சாச்சி சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் அச்செடுத்துக் கொடுத்தேன். யாரிடம் காட்டப்போகிறாய் என்று கேட்டபோது, முதலில் உம்மும்மாவிடம் என்றாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தாயைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் இந்தப் பாடம், அந்தக் குற்றத்தைத் தூக்கித் தந்தையின் தலையில் வைக்கச் சொல்லவில்லை. எந்த விந்துக்கலம் முட்டையைச் சேரும் என்பது எந்தத் தகப்பனின் கையிலும் இல்லை. மேலும், பெண் பிறப்பதைக் குற்றம் என்று எண்ணுவதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. சாப்பாட்டை மாற்றியும், மருந்து குடித்தும் ஆண்பிள்ளை பெறலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாணவிகளே, பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சில புள்ளிகள்தாம் கிடைக்கும். அவற்றை நீங்கள் எளிதாகப் பெற்றுவிடுவீர்கள். வீட்டில் ராத்தாவோ சாச்சியோ பெண்பிள்ளை பெற்றுத் தலைகுனிந்து இருக்கும்போது, நான்கு கட்டங்களை ஒரு கடதாசியில் வரைந்து, அமைதியாக, மரியாதையோடு விளக்கிச் சொல்ல உங்களால் முடியவேண்டும். நெட்டி ஸ்டீவன்ஸ் எண்ணி வைத்த கணக்கு அதற்கும்தான்.