வால்ட் டிஸ்னியும் புகைவண்டியும்

உயிரற்ற பொருள்களுள் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்வதில் புகைவண்டிக்கு நிகரானது பிறிதொன்று இல்லை எனலாம். அதிலும், சிறுபிராயத்தில் நாம் கார்ட்டூன் படங்களிற் கண்ட புகைவண்டிகள் வெறும் இயந்திரங்களல்ல. அவை மேட்டைக் கண்டு மலைத்தன. ஏறுங்கால் மூச்சு வாங்கின. இறங்குங்கால் துள்ளி ஓடின. அவற்றைத் திரையில் ஓடவிட்டோருள் முதன்மையானவர் வால்ட் டிஸ்னி. அவருடைய வாழ்க்கையை ஆராய்வோமாயின், அவ்வண்டிகள் புறப்பட்ட இடம் நமக்குப் புலனாகும்.

டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரிற் பிறந்தார். 1906-இல் அவர் குடும்பத்தார் மிசூரி மாகாணத்து மார்சலீன் என்னும் சிற்றூரிற் குடியேறிப் பயிர்த்தொழில் செய்தனர். சான்டா ஃபே கம்பெனியின் இருப்புப்பாதை அவ்வூர் வழியே சென்றது. அவர் உறவினர் ஒருவர் எஞ்சின் ஓட்டுநராகவும் இருந்தார். ஆயினும் பயிர்த்தொழில் நிலைக்கவில்லை. குடும்பம் கான்சாஸ் நகரத்தை அடைந்தது. சிறுவர் டிஸ்னி விடியுமுன் எழுந்து வீடுதோறும் செய்தித்தாள் போடலானார். பதினைந்து வயதளவில், ஒரு கோடை விடுமுறையில், புகைவண்டிகளிற் பத்திரிகையும் தின்பண்டமும் விற்றார். பழங்கள் அழுகின, காலிப் புட்டிகள் களவு போயின, நட்டமே எஞ்சியது. எனினும் வண்டியின்மீது அவர் கொண்ட காதல் குறையவில்லை.

1923-இல் கான்சாஸ் நகரில் அவர் நடத்திய படக்கம்பெனி முறிந்தது. கையில் ஏறத்தாழ 40 டாலருடன் கலிபோர்னியாவுக்கு வண்டியேறினார். அங்குத் தமையனார் ராயுடன் புதிய நிலையம் கண்டு, 1927-இல் ஆஸ்வால்ட் என்னும் முயலைத் திரைக்குத் தந்தார். அதன் முதற்படத்தில் அம்முயல் ஓட்டியது டிராம் வண்டியே. மறு ஆண்டு நியூயார்க் சென்றபோதோ, அம்முயலின் உரிமை தம்முடையதன்று என்பதையும், தம் சித்திரக்காரருட் பலர் பிறர்பக்கம் சேர்ந்துவிட்டதையும் அறிந்தார். வெறுங்கையராய்த் திரும்பிய அப்புகைவண்டிப் பயணத்திலேதான் மிக்கி என்னும் எலி அவர் சிந்தையில் உதித்தது என்பர். அவ்வெலி 1929-இல் ஒரு படத்தில் எஞ்சின் ஓட்டுநனாகவே தோன்றியது.

1941-இல் வெளிவந்த 'டம்போ' படத்தில் சர்க்கஸ் விலங்குகளை ஏற்றிக்கொண்டு மேடேறத் திணறும் கேஸி ஜூனியர் என்னும் வண்டியை மறப்பார் யார்? ஆனால் அதே ஆண்டில், ஊதிய ஏற்றத்தாழ்வையும் படங்களில் தம் பெயர் இடம்பெறாமையையும் பொறாது அவருடைய சித்திரக்காரர் பலர் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உழைப்பின் பயன் பிறர் கைப்பட்ட துயரை அறிந்த டிஸ்னி, தம்மிடம் உழைத்தோரின் துயரை உணராது, அவர்தம் செயலைத் துரோகமென்றே கருதினார். பெரியோர் வரலாறு கூறுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

பின்னர் அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஏறத்தாழ அரை மைல் நீளத்திற் சிறு இருப்புப்பாதை அமைத்தார். எட்டிலொரு பங்கு அளவில் அமைந்த எஞ்சினுக்காகத் தம் கையாலும் உழைத்தார். மனைவியார் லில்லியனின் பெயரால் அதனை லில்லி பெல் என அழைத்தார். அவ்வம்மையாரின் பூந்தோட்டம் கெடாதிருக்க, அதன் அடியிற் சுரங்கவழியும் கண்டார். 1951-இல் டொனால்ட் வாத்து தன் தோட்டத்தில் ஓட்டிய சிறு வண்டிக்கு மூலம் இதுவே. 1953-இல் அவ்வண்டி தடம்புரள, நீராவியால் ஒரு குழந்தை காயமுற்றது. அதன்பின் தோட்டத்து வண்டி ஓடவில்லை.

1955 ஜூலை 17-இல் டிஸ்னிலாண்டு திறக்கப்பெற்றபோது, அப்பூங்காவைச் சுற்றி மெய்யான நீராவி வண்டி ஓடிற்று. டிஸ்னியும் அதன் எஞ்சினிலேயே வந்திறங்கினார். மார்சலீனிற் சிறுவராய்க் கண்ட சான்டா ஃபேயின் பெயரே அவ்வண்டித் தொடருக்கும் வழங்கியது. 1966 டிசம்பர் 15-இல் அவர் காலமானார்.

நட்டம் தந்த தொழிலும், வெறுங்கையுடன் செய்த பயணமும் ஒருவர் மனத்தைக் கசக்கச் செய்தல் இயல்பு. டிஸ்னியோ அவற்றைக் குழந்தைகளின் களிப்பாக மாற்றினார். மேட்டிலே மூச்சு வாங்கிய அச்சித்திர வண்டி, அவர் ஏறிவந்த மேட்டையே நமக்குக் காட்டுகின்றது.